புல்லுக்கடியில் ஒரு வேலி

சத்தத்தை முதலில் கேட்டவர் அம்மாதான். "சுவர்க்கோழி ஒன்று வீட்டுக்குள் புகுந்துவிட்டது, விடாமல் கத்துகிறது" என்று இரவு பத்தரை மணிக்கு வந்து எழுப்பினார். பென்சில்வேனியாவில் செப்டம்பர் கடைசியில் சுவர்க்கோழிகளுக்குப் பஞ்சமே இல்லை. நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். என் கணவர் மட்டும் எழுந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இது புகை எச்சரிக்கைக் கருவியின் பேட்டரி தீர்ந்த சத்தம் என்று தீர்ப்பளித்தார். அமெரிக்காவில் குடியிருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கம். அந்தக் கருவிகளுக்கு நடுராத்திரியில்தான் பேட்டரி தீரும். ஏணியை எடுத்து வந்து மாடியிலும் கீழேயுமாக மூன்று கருவிகளுக்கும் புதிய 9 வோல்ட் பேட்டரி போட்டார். சத்தம் நிற்கவில்லை. எல்லோரும் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு தூங்கினோம்.

காலையில் அரிசி எடுக்கக் கராஜுக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. சுவரில் திருகி வைத்திருக்கும், சாப்பாட்டு டப்பா அளவிலான வெள்ளைப் பெட்டிதான் கத்திக்கொண்டிருந்தது. அதன் முகத்தில் எப்போதும் எரிகிற சின்ன விளக்கு அணைந்திருந்தது. வீட்டைச் சுற்றிப் புல்லுக்கடியில் ஓடும் கம்பி எங்கோ அறுந்துவிட்டது என்று அதற்குப் பொருள். அதாவது, எங்கள் நாய் மிளகுக்கு முந்தைய நாள் இரவிலிருந்தே வேலி இல்லை.

ஓடிப்போய்ப் பின்பக்கக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். மிளகு வழக்கமான இடத்தில், எல்லைக்கு ஏழெட்டு அடி உள்ளே, முன்னங்கால்களை நீட்டிப் படுத்தபடி பக்கத்து வீட்டு ஓக் மரத்து அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். (நாயை "அது" என்று எழுதுவதுதான் இலக்கணம். ஐந்து வருடம் ஒரே சோபாவில் உட்கார்ந்த பிறகு எனக்கு அது வரவில்லை. அம்மா இலக்கணம் தவறாதவர். அவருக்கு மிளகு "அது"தான்.)

"என்ன பெட்டி இது?" என்று அம்மா கேட்டார். யோசிக்காமல், "நாய்க்கு வைத்த மின்வேலி" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அம்மா பாலக்கோடு பக்கத்துக்காரர். அங்கே மின்வேலி என்றால், காட்டுப்பன்றிக்குப் பயந்து இரவில் கம்பத்து மின்சாரத்தைத் திருட்டுத்தனமாக வயல் கம்பியில் ஏற்றுவது. விடிந்து பார்த்தால் அதில் பன்றி கிடக்கும். சில நாள் ஆள் கிடப்பார். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்துப்போயின. தப்பிய இரண்டு குட்டிகள் அந்த இடத்தைவிட்டு அகலாமல் நின்றதைச் செய்தியில் பார்த்தவர் அம்மா. "பிள்ளை வெறுங்காலோடு ஓடியாடுகிற புல்லிலா கரண்டை விட்டு வைத்திருக்கிறாய்?" என்று கேட்ட குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. அன்று முழுவதும் என் மகளைப் புல்லில் இறங்க விடவில்லை.

அம்மாவுக்கு விளக்கியதையே இங்கேயும் எழுதிவிடுகிறேன். அந்தக் கம்பியைக் கையால் பிடித்தாலும் ஒன்றும் ஆகாது. அது ஊரிலிருக்கும் மின்வேலிக்கு உறவு அல்ல. வானொலி ஆன்டெனாவுக்கு உறவு. பெட்டியிலிருந்து புறப்பட்டு, மனையை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி பெட்டிக்கே வந்து சேரும் ஒரே வளையம். அதில் சில கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் மெல்லிய சமிக்ஞை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். நாயின் கழுத்துப்பட்டையில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஏற்பி இருக்கிறது. கம்பிக்கு ஆறேழு அடி தூரத்தில் நாய் வரும்போது அது "பீப்" என்று எச்சரிக்கும். அதையும் மீறி நெருங்கினால், கழுத்துத் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோக முனைகள் வழியாகச் சுருக்கென்று ஒரு அதிர்ச்சி. அந்த மின்சாரம் மண்ணிலிருந்து வருவதில்லை, கழுத்துப்பட்டைக்குள் இருக்கும் பொத்தான் போன்ற பேட்டரியிலிருந்து வருகிறது. 1973-இல் ரிச்சர்ட் பெக் என்ற அமெரிக்கர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்று பல நிறுவனங்கள் செய்கின்றன. உள்ளே இருக்கும் யோசனை அதேதான்.

மிளகுக்கு மாட்டும் முன் நான் அதை என் முன்கையில் வைத்துக்கொண்டு எல்லைக்கு நடந்து பார்த்தேன். முழங்கை நரம்பு மேசையில் இடித்துக்கொண்டால் விரல்வரை ஓடுமே, அந்த மாதிரி. வலி என்று சொல்ல மாட்டேன். வலி இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கையை உதறிக்கொண்டே வீட்டுக்குள் வந்து, அளவை அடிமட்டத்துக்குக் குறைத்தேன்.

அப்புறம் ஏன் வைத்தாய் என்று கேட்கலாம். ஃபிலடெல்பியாவுக்கு மேற்கே செஸ்டர் கவுண்டியில் எங்கள் வீடு. அரை ஏக்கர் மனை, சுவர் கிடையாது, முள்வேலி கிடையாது, எங்கள் புல் எங்கே முடிந்து அடுத்தவர் புல் எங்கே தொடங்குகிறது என்று பத்திரத்தைப் பார்த்தால்தான் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற வேலி எதுவும் போடக் கூடாது என்பது குடியிருப்புச் சங்கத்தின் விதி. மிளகு பீகிள் கலப்பு. மூக்கு தரையில் பட்டால் காது அடைத்துக்கொள்ளும் சாதி. மானும் நரியும் இரவில் நடந்துபோன தடத்தைக் காலையில் பிடித்தான் என்றால், பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் சுவரைக் கூப்பிடுவதும் ஒன்றுதான். வீட்டுக்கு முன்னால் மணிக்கு 45 மைல் வேகத்தில் வண்டிகள் போகும் சாலை. எங்களிடம் வந்த இரண்டாம் மாதம் ஒரு பள்ளிப் பேருந்துக்கு முன்னால் ஓடி, ஓட்டுநரின் புண்ணியத்தில் பிழைத்தான். அந்த வாரமே கம்பி வாங்கினோம்.

பதித்தது நாங்கள்தான். இந்த நாட்டில் மண்வெட்டியைத் தொடும் முன் 811 என்ற எண்ணை அழைத்துச் சொல்ல வேண்டும். 2007 முதல் நாடு முழுவதற்கும் அதே எண். பென்சில்வேனியாவில் மூன்று வேலை நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். ஆட்கள் வந்து எரிவாயுக் குழாய்க்கு மஞ்சள், மின்சாரத்துக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம், தொலைபேசிக் கம்பிக்கு ஆரஞ்சு என்று கொடி நட்டுவிட்டுப் போனார்கள். இடைத்தேர்தல் நடக்கிற தொகுதி போல இருந்தது முற்றம். பின்னாளில் எங்களைக் கடித்த செய்தி ஒன்று உண்டு: நாய்வேலிக் கம்பி தனியார் சமாச்சாரம் என்பதால் அதை இவர்கள் குறிக்க மாட்டார்கள். அது எங்கே போகிறது என்ற நினைவு வீட்டுக்காரர் தலையில் மட்டும்தான் இருக்கும்.

பெட்டியோடு வந்த கம்பி 500 அடி. அரை ஏக்கரைச் சுற்ற 600 அடி வேண்டும். இன்னொரு சுருள் வாங்கி இணைத்தோம். ஒவ்வொரு இணைப்பும் எதிர்காலத்தில் ஒரு நாள் நம்மைத் தேட வைக்கும் என்பது அப்போது தெரியவில்லை. இரண்டு, மூன்று அங்குல ஆழம் போதும். மூலைகளில் கம்பியைச் செங்கோணத்தில் மடிக்காமல் வளைத்து விட வேண்டும். மடித்தால் அந்த இடத்தில் சமிக்ஞை மெலிந்து ஓட்டை விழும், நாய் அதைக் கண்டுபிடித்துவிடும். வண்டிப்பாதையில் கல் அறுக்கும் ரம்பத்தால் ஒரு கோடு கிழித்து, அதில் கம்பியை இறக்கி, மேலே ரப்பர்ப் பசையை நிரப்பினோம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது முறுக்குக் கம்பி. கராஜிலிருந்து எல்லைவரை போகும் கம்பியும் எல்லையிலிருந்து திரும்பி வரும் கம்பியும் வாசல் புல்லைக் கடந்தாக வேண்டும். அந்த இடத்தில் நாய்க்கு அதிர்ச்சி கொடுத்தால் அவன் வீட்டைவிட்டே இறங்க முடியாது. இரண்டையும் ஜடை பின்னுவது போல நெருக்கமாக முறுக்கிவிட்டால், எதிரெதிர்த் திசையில் ஓடும் சமிக்ஞைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். நாய் அதன்மேல் தாராளமாகப் படுத்துத் தூங்கலாம். அந்தக் கம்பிகளை முறுக்கியபோது என் மகள் தன் ஜடையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டாள்.

கம்பி பதிப்பது ஒரு வாரக் கடைசி வேலை. நாயைப் பழக்குவதுதான் வேலி. எல்லை நெடுகச் சின்ன வெள்ளைக் கொடிகளை நட்டு, நாயைக் கயிற்றில் பிடித்து, நாளுக்கு மூன்று முறை, பத்துப் பதினைந்து நிமிடம், இரண்டு வாரம் நடக்க வேண்டும். முதல் சில நாள் "பீப்" மட்டும். அந்தச் சத்தம் கேட்டதும் நாமே கயிற்றை இழுத்து உள்ளே ஓடி வந்து, கோழித் துண்டு கொடுத்துக் கொண்டாட வேண்டும். சத்தம் கேட்டால் திரும்பு, திரும்பினால் கோழி என்று மனதில் பதிந்த பிறகுதான் அதிர்ச்சியை இயக்க வேண்டும். அவசரக்காரர்கள் இந்த இரண்டு வாரத்தை இரண்டு மணி நேரமாக்கிவிடுகிறார்கள். எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு நாய் வாசற்படியைவிட்டு இறங்காமல் கிடக்கிறது. எங்கே எல்லை என்று தெரியாததால் அதற்குப் புல் முழுவதுமே எல்லை. மிளகு சுருக்கை வாங்கியது மூன்றே முறை என்று நினைக்கிறேன். பிறகு கொடிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிடுங்கினோம். கடைசிக் கொடியைப் பிடுங்கிய பிறகும் அது இருந்த இடத்தை அவன் மதித்தான்.

எந்த அளவுக்கு மதித்தான் என்பது கடந்த ஆகஸ்டில் அம்மா வந்தபோது தெரிந்தது. எங்கள் ஈர கிரைண்டர் ஊரிலிருந்து கொண்டுவந்தது. கனமான மின்மாற்றி ஒன்றின் தயவில்தான் இங்கே ஓடும். அது போடும் சத்தத்துக்கு வீட்டுக்குள் இடமில்லை, கராஜில்தான் வைத்திருக்கிறோம். அம்மா மாவரைக்கப் போனவர், சொருகுமிடம் வேண்டும் என்பதற்காக ஏதோ ஒரு சின்ன வெள்ளைச் செருகியைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டார். பஞ்சு போல இட்லி வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் பெட்டி செத்துக் கிடந்ததைப் பார்த்தேன். கம்பி அறுந்தால் பெட்டி கத்தும். மின்சாரமே இல்லாவிட்டால் எப்படிக் கத்தும்? கராஜில் இருக்கும் பாதுகாப்புச் சொருகுமிடங்கள் ஈரம் பட்டால் தாமாகவே துண்டித்துக்கொள்வதும் உண்டு, அப்போதும் இதே கதைதான். அதனால் இப்போது காலையில் வண்டி எடுக்கும்போது அந்த விளக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறேன், பூஜை அறை விளக்கைப் பார்ப்பது போல. அந்த இரண்டு நாளும் மிளகு எல்லையைத் தாண்டவில்லை.

சரி, கத்துகிற பெட்டிக்கு வருகிறேன். முதலில் பெட்டி நலமா என்று பார்க்க வேண்டும். மண்ணுக்குப் போகும் இரண்டு முனைகளையும் கழற்றிவிட்டு, ஒரு முழம் கம்பியை வளைத்து அதே இடத்தில் மாட்டினேன். விளக்கு எரிந்தது, கத்தல் நின்றது. பெட்டி நலம், குற்றவாளி மண்ணுக்குள். மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 600 அடிக் கம்பிக்கு ஆறு ஓம் சுமாருக்குக் காட்ட வேண்டியது, ஒன்றுமே காட்டவில்லை.

இரண்டாவது, சந்தேகத்துக்குரிய இடங்கள். வண்டிப்பாதைக் கோடு: பசை விரிசல் விட்டிருந்தது, கம்பி முழுசாக இருந்தது. பழைய இணைப்பு: தோண்டிப் பார்த்தேன், ஜெல் நிரப்பிய மூடிக்குள் செம்பு பளபளவென்று இருந்தது. சாதாரணக் கறுப்பு டேப் சுற்றியிருந்தால் அந்த நேரம் பச்சை பூத்திருக்கும். மூன்றாவதாக எனக்கு நினைவு வந்தது, முந்தின நாள் புல்வெளிக்காரர் வந்து போனது. இலையுதிர்காலத்தில் மண்ணுக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று ஒரு உருளை இயந்திரத்தை ஓட்டுவார்கள். அது இரண்டு, மூன்று அங்குல ஆழத்துக்கு மண்ணைக் குச்சி குச்சியாகப் பிடுங்கித் துப்பிக்கொண்டே போகும். எங்கள் கம்பி இருக்கும் ஆழமும் அதேதான். "கம்பி இருக்கிறது, எல்லையில் இரண்டடி விட்டு ஓட்டுங்கள்" என்று அவரிடம் சொல்ல வேண்டியது நான். சொல்லவில்லை. கொடியும் நடவில்லை.

600 அடியையும் தோண்ட முடியாது. இதற்கு ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. ட்யூப்லைட்டில் இருக்கும் சோக்குக்குத் தம்பி முறையில், விரல் நுனியளவு ஒரு சோக்கு கடையில் கிடைக்கும். அதைப் பெட்டியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே மாட்டி, கம்பியின் இரு நுனிகளையும் பழையபடி செருகிவிட்டால், வளையம் முழுசாக இருக்கிறது என்று பெட்டி நம்பிவிடும். அறுந்த கம்பியிலும் சமிக்ஞையை அனுப்பும். பிறகு ஒரு மத்திய அலை வானொலியை, 600 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, கம்பி போகும் தடத்தில் தரையோடு ஒட்டிப் பிடித்து நடக்க வேண்டும். கம்பிக்கு மேலே இருக்கும்வரை வானொலியில் விட்டுவிட்டு ஒரு துடிப்புக் கேட்கும். அறுந்த இடத்தில் அது தேய்ந்துவிடும்.

புயல் நேரத்துக்கென்று வாங்கிவைத்த, கைப்பிடி சுற்றும் வானொலி ஒன்று வீட்டில் இருந்தது. எனக்கோ கணவருக்கோ இரைச்சல்தான் கேட்டது. பண்பலையில் வளர்ந்த காதுகள். அம்மா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "இங்கே கொடு" என்று வாங்கினார். இரவில் சிலோன் நிலையத்தைக் குமிழைத் திருகித் திருகிப் பிடித்த தலைமுறை. பக்கவாட்டில் திருப்பினார், படுக்க வைத்தார், குமிழை மயிரிழை நகர்த்தினார். "டுக், டுக், டுக் என்று வருகிறது பார்" என்றார். நேற்று பேத்தியை இறங்க விடாத அந்தப் புல்லில், சேலையை லேசாகத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்த முதுகோடு கம்பியின் மேலேயே நடக்க ஆரம்பித்தார். மிளகு கழுத்தில் கயிறோடு அவர் பின்னால். ஹைட்ரேஞ்சா செடிக்குப் பக்கத்தில் நின்றார். ஓரடி முன்னால், ஓரடி பின்னால். "இங்கே நின்றுவிட்டது."

தோசைக் கரண்டி அகலத்துக்குத் தோண்டினேன். அங்கே ஒரு மண்குச்சிப் பள்ளம், அதன் சுவரில் கம்பியின் அறுந்த நுனி, பல் துலக்கும் தூரிகையின் நார் போல விரிந்த செம்பு. உறையை உரித்து, புதுத் துண்டு வைத்து, ஜெல் மூடி போட்டு முறுக்கினேன். ஓடிப்போய்ச் சோக்கைக் கழற்றிப் பார்த்தால் பெட்டி மறுபடியும் கத்துகிறது. இயந்திரம் வரிசை வரிசையாகப் பல் பதிக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. அம்மா அதே இடத்திலிருந்து மேலும் பதினோரடி நடந்து இரண்டாவது வெட்டைக் கண்டுபிடித்தார். விளக்கு எரிந்தபோது மாலை ஆகிவிட்டது. அம்மா வானொலியை அணைக்காமல், நிலையங்கள் இருக்கும் பக்கமாகக் குமிழைத் திருப்பி, ஏதோ பேஸ்பால் வர்ணனையைக் கேட்டபடி உள்ளே போனார்.

புதுக் கம்பி போட்ட கையோடு கழுத்துப்பட்டையைப் பார்த்தேன். பராமரிப்பில் கம்பிக்குப் பாதி என்றால் இதற்குப் பாதி. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் மிளகைக் குளிப்பாட்டும்போது கழுத்தில் ரோமத்துக்கடியில் இரண்டு வட்டப் புண்கள் கையில் பட்டன. உலோக முனைகள் இருந்த அதே இடம். தோலைச் சுட்டுவிட்டோம் என்று அழுதுகொண்டே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனேன். அவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, இது சூடு அல்ல, அழுத்தத்தால் வந்தது என்றார். நம் ஊரில் படுக்கைப்புண் என்போமே, அதேதான். இரவு பகலாக ஒரே இடத்தில் இரண்டு முனை அழுத்திக்கொண்டிருந்தால் ரத்த ஓட்டம் நின்று தோல் செத்துவிடும். இறுக்கமாக இருந்தால்தான் வேலை செய்யும் என்று நான் இறுக்கியதும், சோம்பலில் இரவிலும் கழற்றாமல் விட்டதும்தான் காரணம். இப்போது வீட்டுக்குள் வந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறோம். முனைக்கும் தோலுக்கும் இடையில் ஒரு விரல் நுழைய வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை கழுத்தையும் முனைகளையும் துடைத்துவிட்டு, விரலால் தடவிப் பார்ப்பது மகளின் வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பேட்டரி. எல்லையில் சோதிக்கும்போது பட்டையை நாயின் கழுத்து உயரத்தில் பிடித்துக்கொண்டு குனிந்து நடக்க வேண்டும். இடுப்பு உயரத்தில் பிடித்தால் எல்லை தவறான தூரத்தில் தெரியும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் இந்த வேலி ஒரு பக்க வேலி. மிளகை உள்ளே வைக்கும். நரியையோ கொயோட்டையோ அடுத்த வீட்டு முரட்டு நாயையோ வெளியே வைக்காது. அவற்றின் கழுத்தில் பட்டை இல்லையே. அதனால் ஆள் இல்லாதபோது அவனை வெளியே விடுவதில்லை. பயம் பெரிதாக இருந்தால் உள்ளேயும் வைக்காது. போன வருடத்துக்கு முந்தைய ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, இருட்டுவதற்கு முன்பே யாரோ வெடியைக் கொளுத்திவிட்டார்கள். மிளகு சுருக்கை வாங்கிக்கொண்டே கோட்டைத் தாண்டி ஓடினான். டார்ச்சோடு இரண்டு மணி நேரம் தேடினோம். கடைசியில் கிடைத்தது எங்கே தெரியுமா? எங்கள் புல்லுக்கு ஆறடி வெளியே, மழைநீர் வாய்க்காலில். வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறான். உள்ளே வர வேண்டுமானால் மறுபடியும் அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும். வெளியே போகத் துரத்திய பயம் உள்ளே வரத் துரத்தவில்லை. ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தபடி நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பட்டையைக் கழற்றி இரு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தேன். அவன் கழுத்தில் அரிசி மணியளவு பதித்திருக்கும் 15 இலக்கச் சில்லுக்கான பதிவில் எங்கள் பழைய தொலைபேசி எண் இருந்ததை மறுநாள்தான் கண்டுபிடித்து மாற்றினேன்.

அந்த இரவுக்குப் பிறகு இந்தப் பெட்டியை நான் முழு மனதோடு பார்த்ததில்லை. வேல்ஸ் நாட்டில் 2010-லேயே மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டைகளைத் தடை செய்துவிட்டார்கள். அமெரிக்காவில் விலங்கு நடத்தை பற்றிய கால்நடை மருத்துவர் சங்கம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, வெகுமதி கொடுத்துப் பழக்குவதுதான் முறை, அதிர்ச்சி எதற்குமே வேண்டாம் என்கிறது. எனக்கு மறுத்துப் பேச ஒன்றுமில்லை. ஊரில் எங்கள் தாத்தா வீட்டு நாய்க்குத் தெருதான் வீடு. யாரும் கட்டிப் போட்டதில்லை. ஆனால் அது ஒரு லாரியில் அடிபட்டுத்தான் செத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்போது மிளகின் பட்டையைச் சத்தம் மட்டும் போடும் நிலையில் வைத்திருக்கிறேன். இதுவரை போதுமானதாக இருக்கிறது. வெடிச் சத்தம் வரும் நாட்களில் கயிறு, அடைத்த அறை, ஓடுகிற மின்விசிறி.

வேலிக்குள் இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்ததுதான் எங்கள் பெரிய தவறு. ஆபத்து அடுக்களையில் இருந்தது. சாக்லேட்டும் வெங்காயமும் பூண்டும் சர்க்கரையில்லாச் சூயிங்கம்மில் இருக்கும் ஸைலிட்டாலும் நாய்க்கு ஆகாது என்று இங்கே பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். சாம்பார் சாதம் ஒரு கவளம் கொடுத்தால் என்ன என்ற அம்மாவிடம், வேக வைத்தாலும் வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்று சொல்லி நிறுத்தியிருந்தேன். பொங்கலுக்குப் போடும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏன் என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற அமெரிக்க விலங்கு நல அமைப்பின் நச்சு மையத்து மருத்துவர்கள் 2021-இல் ஒரு காரணத்தை முன்வைத்தார்கள்: திராட்சையில் இருக்கும் டார்டாரிக் அமிலம். மறு வருடம் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் திராட்சையே தின்னாமல் அதே மாதிரிச் சிறுநீரகம் கெட்ட நாய்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். சில நாய்கள் அந்த அமிலத்தின் உப்பான, கேக் மாவில் சேர்க்கும் டார்டார் உப்பைத் தின்றவை. மற்றவை தின்றது புளி.

நம் வீட்டில் புளி இல்லாத நாள் எது? இதைப் படித்த வாரமே, அம்மா கரைத்துப் பிழிந்த புளிச் சக்கையைக் கிண்ணத்தோடு பின்படியில் வைத்திருந்தார், செடிக்குப் போட. நான் பார்த்தபோது கிண்ணம் கழுவி வைத்தது போலிருந்தது. மிளகு உதட்டை நக்கிக்கொண்டிருந்தான். அவசர மருத்துவமனையில் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார்கள். தட்டில் எல்லாமே வந்தது, நாரும் ஒரு கொட்டையும் உட்பட. இரண்டு நாள் சிறுநீரக ரத்தப் பரிசோதனை. தப்பித்தான். பரிசோதனைக்காக மழித்த முன்னங்காலை அம்மா தடவித் தடவிப் பார்த்தார். "ரசம் வைக்கிற வீட்டில் அவனுக்கு ஒரு மூலையாவது பத்திரமாக இருக்க வேண்டாமா" என்று சொல்லி, அன்றே அடுக்களை வாசலுக்குப் பேத்தி தவழ்ந்த காலத்துத் தடுப்புக் கதவைக் கராஜிலிருந்து தேடி எடுத்து மாட்டச் சொன்னார். புளி ஜாடி இப்போது மேல் அலமாரியில்.

அதே தேடலில் மகளின் பழைய சிவப்பு இழுவண்டியும் கிடைத்தது. நாய்வேலி வைத்த வீடுகளில் ஒரு தொல்லை உண்டு. பட்டையைக் கழற்றிவிட்டு நடக்கக் கூட்டிப்போனாலும் நாய் அந்தக் கோட்டில் வந்து கால் ஊன்றிக்கொள்ளும். கோட்டைத் தாண்டலாம் என்று அதற்கு நாமே சொல்லிக் கொடுத்தால் வேலி வீண். அதனால் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அல்லது காரில் ஏற்றித் தாண்ட வேண்டும். மிளகு 14 கிலோ. அம்மாவால் தூக்க முடியாது, அவருக்கோ காலை நடை தவறக் கூடாது. ஒரு நாள் காலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இழுவண்டியில் பழைய போர்வையை மடித்துப் போட்டு, அதன்மேல் மிளகை ஏற்றி உட்கார வைத்து, கைப்பிடியைப் பிடித்து வண்டிப்பாதையில் இழுத்துக்கொண்டு போகிறார் அம்மா. உற்சவ மூர்த்தி போல நெஞ்சை நிமிர்த்தி, இடமும் வலமும் பார்த்தபடி, கோட்டைத் தாண்டி வீதிக்கு எழுந்தருளினான். தாண்டியதும் வண்டியை நிறுத்தி, "இறங்குடா" என்றார்.

ஜனவரியில் அம்மா ஊருக்குக் கிளம்பிவிட்டார். காலை ஏழு மணியானால் மிளகு கராஜில் அந்த வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறான். தூக்கினால் வருவதில்லை. வண்டிப்பாதையில் பனி உருகுவதற்குப் போடும் உப்பில் பின்சக்கரம் ஒன்று துருப்பிடித்துக் கிறீச்சிடுகிறது. இந்தச் சனிக்கிழமை அதற்கு எண்ணெய் விட வேண்டும். பட்டைக்குப் புதுப் பேட்டரி போடும் தவணையும் அன்றைக்குத்தான்.